டர்பன் – சென்னை: துபாயா, மொரிஷியஸா, அடிஸ் அபாபாவா?

தூரம் கணக்கிடும் தளங்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்கு என்று போட்டால் சுமார் 7,070 கி.மீ., பறக்கும் நேரம் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு என்று வரும். அதை நம்பி யாரையும் மீனம்பாக்கத்துக்கு வரச் சொல்லிவிடாதீர்கள். நேர்கோட்டுத் தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்த கணக்கு அது. அந்தக் கோட்டில் பயணிகள் விமானம் கிடையாது.

வரைபடத்தில் பார்த்தால் மொரிஷியஸ்தான் வழியிலேயே இருக்கிறது. ஆனால் ஜோகன்னஸ்பர்க் போய் அங்கிருந்து ஏறினால் 480, 3,060, 4,450 என்று மொத்தம் சுமார் 8,000 கி.மீ. பறப்பது மட்டும் பதினொரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று வழிகளில் இதுவே குறைந்த தூரம். சிக்கல் என்னவென்றால், மொரிஷியஸ் – சென்னை விமானம் தினமும் இல்லை. நாள் பொருந்தாவிட்டால் தீவில் தங்க வேண்டியதுதான். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லை என்பதால், இரண்டு நாள் ஊர் சுற்ற மனமிருப்பவர்களுக்கு நல்ல வழி.

துபாய் வழி 9,500 கி.மீ.; நேர்கோட்டைவிட 2,400 கி.மீ. சுற்று. ஆனாலும் பெரும்பாலோருக்கு இதுவே சீக்கிரம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்தே எமிரேட்ஸ் நேராகப் போகிறது: எட்டேகால் மணி நேரம், பிறகு சென்னைக்கு நான்கு. மாறுவது ஒரே இடத்தில். நடுவில் மூன்று மணி நேரம் விட்டால் பதினைந்து, பதினாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். வயதானவர்களோடு போனால் வேறு வழி யோசிக்கவே வேண்டாம்; சக்கர நாற்காலியை மட்டும் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். விலை குறைவென்று இரண்டு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட் வாங்குவதுதான் வம்பு. துபாயில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அதற்கு விசா வேண்டும்.

அடிஸ் அபாபா வழி, ஜோகன்னஸ்பர்க்கையும் சேர்த்து, சுமார் 9,100 கி.மீ. சென்னைக்கு நேரடித் தொடர்ச்சி இல்லாத நாளில் மும்பை வழியாக அனுப்புவார்கள். அங்கே குடியேற்றச் சோதனை, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பது என்று இன்னும் சில மணி நேரம் போகும். அதைவிட முக்கியம், அடிஸ் அபாபா இருக்கும் எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு; அங்கிருந்து வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தைத் தாண்டாதவர்களுக்கு இந்தியா விலக்கு தருகிறது. ஆனால் நீண்ட இடைவெளிக்குக் கிடைக்கும் இலவச ஓட்டலுக்குப் போனாலே அந்த விலக்கு போய்விடும். திரும்பும்போது அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவும் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாலை 7 மணிக்கு டர்பனில் கிளம்பி மறுநாள் பிற்பகல் 2 மணிக்குச் சென்னை என்றிருந்தால், 19 மணி நேரத்தில் மூன்றரையைக் கழியுங்கள், பதினைந்தரை. திரும்பும்போது மூன்றரையைக் கூட்டுங்கள்.

டர்பனுக்குத் திரும்பி வருகிற வழியில் இன்னொரு வித்தியாசம். ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால், டர்பன் வரை ஒரே டிக்கெட் என்றாலும் பெட்டியை அங்கேயே எடுத்துச் சுங்கம் கடந்து உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். துபாயிலிருந்து வந்தால் எல்லாம் கிங் ஷாகாவில்தான். எங்கே இறங்கினாலும் ஆளுக்கு 5,000 ராண்டுக்கு மேல் போகும் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் சுங்கத்தில் காட்டப் பில் கையில் இருக்கட்டும். வெற்றிலை, விதை, செடி எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவராதீர்கள், பறித்துக்கொள்வார்கள்.