சுங்கை சிப்புட் அரை நாள் தாஸ்கா: வீட்ல இருந்து வேலை பாக்குற அம்மாங்களுக்காக எழுதுறேன்

பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல, எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு அக்கா அவங்க வீட்டுலயே தாஸ்கா, அதாவது பிள்ளைங்க காப்பகம், நடத்துறாங்க. காலைல எட்டுலேர்ந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அரை நாள் கணக்கு, மாசம் 280 வெள்ளி (ரிங்கிட்), பசியாறலும் (காலைச் சாப்பாடும்) பகல் கஞ்சியும் அதுலயே சேத்தி, பேம்பர்ஸும் பாலும் நாம கொடுக்கணும். என் மகள எட்டு மாசத்துல சேத்தேன், இப்ப ஒன்றரை வயசாகப் போவுது. அந்த அக்காவுக்கு விளம்பரம் எல்லாம் பிடிக்காது, அதனால பேரு போடல, ஆனா இந்த மாதிரி ஒரு இடம் கிடைச்சா விடாதீங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். எனக்கு இது ரொம்ப நல்ல சர்வீஸ், குறை இருக்கு, அதையும் கீழ சொல்றேன்.

நான் கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்குற ஒரு கம்பெனிக்கு வீட்லேர்ந்து பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, செய்றேன். வேலைல நேரம் தவறவே கூடாது, ஒவ்வொரு மாசமும் 15ஆம் தேதிக்குள்ள முந்தின மாசத்து இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), பிசிபி (சம்பளத்துல பிடிக்கிற வருமான வரி) எல்லாம் போயிடணும், அதுக்கு முன்னாடி ஓவர்டைம், லீவு, அலவன்ஸ் எல்லாத்தையும் ஒவ்வொரு ஆளா பாத்து சரி பண்ணணும். ஒரு ஆளுக்கு ஓவர்டைம் கொறஞ்சு போச்சுன்னா அந்த வீட்ல காருக்குக் கட்ட வேண்டிய காசு கொறையுது, அதான் விஷயம். இத மடில பிள்ளைய வெச்சுக்கிட்டு செய்ய முடியாது. ஆனா சொந்தக்காரங்க எல்லாம் சொல்றது ஒண்ணுதான், வீட்லதானே இருக்கே, பிள்ளைய பாத்துக்கிட்டே செய்ய வேண்டியதுதானே, ஒரு மோட்டர் ஏணை வாங்கிப் போட்டா அது பாட்டுக்கு ஆட்டும்னு. மோட்டர் ஏணை தூங்குற பிள்ளையத்தான் ஆட்டும், முழிச்சிருக்குற பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. அதுவும் இல்லாம கைக்குழந்தைய தட்டையான கெட்டியான மெத்தையில மல்லாக்கப் படுக்க வைக்கணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க, மணிக்கணக்கா ஏணைல போட்டு வைக்க எனக்கு மனசு வரல.

எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, அதாவது மரத்துப் பட்டையச் சீவி பால் எடுக்குற வேலை. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்குற இடத்துக்கு) போகணும், அதனால இருட்டுலயே பிள்ளைங்கள தூக்கிட்டுப் போயி ஆயாக் கொட்டகைல விட்டுட்டுத்தான் வெட்டுக்குப் போவாங்க, எங்கம்மா வளந்ததே அந்தக் கொட்டகைலதான். அங்க வசதி ஒண்ணும் பெருசா இல்ல, ஆயா ஒருத்தரு, வரிசையா ஏணைங்க, அவ்வளவுதான். ஆனா பாட்டிய பாத்து யாரும் பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டே மரம் வெட்டேன்னு சொல்லல, வேலைன்னா பிள்ளைய பாக்க தனியா ஒரு ஆளு வேணும்னு தோட்டத்துக்கே தெரிஞ்சிருந்துச்சு. ரப்பர் போயி செம்பனை வந்து, ஜனங்க லயத்த (தோட்டத்து வரிசை வீட்ட) விட்டு தாமானுக்கு வந்தாங்க, கோயில் வந்துச்சு, கடை வந்துச்சு, அந்தக் கொட்டகை மட்டும் கூட வரல. அத இப்ப 280 வெள்ளி கொடுத்து நாமளே தேடிக்க வேண்டியிருக்கு.

சரி, அந்த வீட்டப் பத்தி சொல்றேன். மூலை வீடு, பக்கத்துல கொஞ்சம் நெலம், முன்னாடி கேட்டுக்கு உள்ள இன்னொரு சின்ன கேட்டு, பிள்ளைங்க வெளிய ஓட முடியாது. உள்ள நுழைஞ்ச உடனே செவுத்துல ஜேகேஎம் (சமூக நலத் துறை) சர்டிபிகேட் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. 1984 தாஸ்கா சட்டப்படி நாலு பிள்ளைங்க இல்ல அதுக்கு மேல எடுத்தா பதிவு செய்யணும், வீட்ல நடத்துனா பத்துக்குக் கம்மியாத்தான் வெச்சுக்கலாம். ஒரு வயசுக்குக் கீழ இருந்தா மூணு பிள்ளைக்கு ஒரு ஆளு, ஒண்ணுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆளு. அந்த அக்காவும் இன்னொரு மலாய்க்கார அக்காவும் இருக்காங்க, இப்ப ஏழு பிள்ளைங்க, கணக்கு சரியா இருக்கு. நான் கேக்குறதுக்கு முன்னாடி அவங்களே இத சொன்னாங்க, அதுலயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

என்னை ரொம்பக் கவர்ந்தது பால் விஷயம். ஆரம்பத்துல நான் தாய்ப்பால் எடுத்துதான் கொடுத்து அனுப்புவேன். அக்கா ஒவ்வொரு போத்தல்லயும் வெள்ளை டேப்பு ஒட்டி, மார்க்கர்ல மக பேரு, பால் எடுத்த தேதி, நேரம் எழுதுவாங்க, பிரிட்ஜ்ல பழசு முன்னாடி புதுசு பின்னாடி. சுடுதண்ணில வெச்சுத்தான் சூடாக்குவாங்க, மைக்ரோவேவ் கெடையாது, குடிச்சு மிச்சம் வெச்சத திருப்பிக் கொடுக்கவே மாட்டாங்க. ஒரு ஸ்கூல் நோட்டுல எல்லாம் எழுதி வெப்பாங்க, 9.40க்கு நாலு அவுன்ஸ், 10.15லேர்ந்து தூக்கம், 11.30க்கு கேரட் கஞ்சி பாதி கிண்ணம், மலம் ஒரு தடவை, இப்படி. ஒரு மணிக்குப் போயி அந்த நோட்டப் பாத்தா மத்தியானம் எப்ப தூங்குவா எப்ப பசிக்கும்னு தெரிஞ்சுடும், அத வெச்சுத்தான் என் சாயந்தர வேலையவே பிளான் பண்றேன்.

காலைல விட்டுட்டு வந்த உடனே பின் ரூமுக்குப் போயிடுவேன், துணி காயப் போடுறது சமைக்கிறது எல்லாம் அப்புறம். கணக்கு பாக்குறது, மீட்டிங், போன் எல்லாம் ஒரு மணிக்குள்ள. பிள்ளை வந்த பெறகு ஈமெயில், பைலிங், நடுவுல நிறுத்துனாலும் கெட்டுப் போகாத வேலை மட்டும். இத கம்பெனி ஒத்துக்கணும்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு, நெறைய பேருக்குத் தெரியல. 2023 ஜனவரி 1லேர்ந்து வேலைச் சட்டத்துல 60P, 60Qன்னு ரெண்டு பிரிவு வந்திருக்கு, வேலை நேரம், நாள், இடம் இதுல மாத்தம் வேணும்னு நாம எழுத்துல கேக்கலாம், முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணமும் எழுதணும். கண்டிப்பா கொடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல, ஆனா வாய்ல கேட்டு வாய்லயே இல்லன்னு முடிஞ்சு போறத விட இது எவ்வளவோ மேல். நான் தாஸ்கா நேரத்தப் போட்டே கேட்டேன், மீட்டிங் எல்லாம் 12.30க்கு முன்னாடி வெச்சுக்கலாம்னு எழுதிக் கொடுத்தாங்க.

காசு விஷயத்துல, வருஷத்துக்கு 3360 வெள்ளி ஆகுது. பதிவு செஞ்ச தாஸ்கான்னா ஆறு வயசு வரை உள்ள பிள்ளைக்கு வருமான வரில 3000 வெள்ளி வரைக்கும் கழிவு உண்டு, அம்மா அப்பா ரெண்டு பேருல ஒருத்தரு எடுக்கலாம். அது கட்டுற வரில கொறையாது, வரி போடுற வருமானத்துல கொறையும், அதனால சம்பளம் கூட உள்ளவங்க பேர்ல போட்டா நல்லது. அக்கா மாசா மாசம் பதிவு நம்பரோட ரசீது கொடுத்துடுறாங்க. பதிவு இல்லாத இடம் 50 வெள்ளி கம்மியா கேக்குறாங்கன்னு போனா இது போயிடும்.

இப்ப குறை. பதினோரு மணிக்கு மேல டிவி ஓடுது, கஞ்சி ஊட்டுற நேரம் பிள்ளைங்க உக்காரணும்னு போடுறாங்க, எனக்குப் பிடிக்கல, சொல்லியும் பாத்தேன், சத்தம் கொறஞ்சுதே தவிர டிவி நிக்கல. ஒரு மணின்னா ஒரு மணிதான், மாசக் கடைசில அரை மணி கூட கேட்டா கெடைக்காது, அவங்க பேரப் பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து எடுக்கப் போகணும். அப்புறம் லீவு. பேராக் சுல்தான் பிறந்த நாளு, நவம்பர் மொதல் வெள்ளிக்கெழமை, இங்க தாஸ்கா மூடிடுவாங்க, கேஎல்ல ஆபீஸ் நடக்கும். வெளி மாநிலக் கம்பெனிக்கு வேலை பாக்குறவங்க வருஷ ஆரம்பத்துலயே ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வெச்சுப் பாத்து லீவு எழுதிக் கொடுத்துடுங்க. கை கால் வாய் நோய் வந்தா கொப்புளம் காஞ்சு ஆறுற வரைக்கும் பிள்ளைய சேக்க மாட்டாங்க, இத நான் குறையா எடுத்துக்கல, ஆனா அந்த நாளுக்கு உங்ககிட்ட வேற ஆளு இருக்கணும். எனக்கு எங்கம்மா இருக்காங்க, எல்லாருக்கும் அது அமையாது, அது எனக்குத் தெரியும்.

வேற ஊர்ல இந்த மாதிரி தேடுறவங்க சாயந்தரம் பிள்ளைங்க இல்லாத நேரத்துல போயி வீட்டப் பாக்காதீங்க. காலைல பத்தரை மணிக்குப் போங்க, ஒண்ணு அழும், ஒண்ணுக்குப் பேம்பர்ஸ் மாத்தணும், ஒண்ணு பசில கத்தும், அப்ப அங்க இருக்குற ஆளு எப்படிப் பேசுறாங்கன்னு நின்னு கேளுங்க. சர்டிபிகேட்ல தேதி முடிஞ்சிருக்கான்னு பாருங்க, பிரிட்ஜையும் தொறந்து காட்டச் சொல்லுங்க, நல்லா நடத்துறவங்க அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.