பின் பேச மறுத்தால்: ராஸ்பெர்ரி பையா, பீகிள்போன் பிளாக்கா?

கடைசி வருட புராஜெக்ட் நெருங்கும்போது சென்னை ரிச்சி தெருக் கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, "எந்த போர்டு வாங்கலாம்?" கடைக்காரர் ரேம் எவ்வளவு என்பார். சீனியர் விலையைச் சொல்வார். சென்சாரை மாட்டி, நிரலை ஓட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பின் (போர்டில் ஒயர் மாட்டும் கால்) மட்டும் அசையாமல் கிடக்கும்போது இந்த இரண்டு தகவலாலும் ஒரு பயனும் இல்லை. அப்போது வேண்டியது வேறு: கோளாறு எங்கே என்று போர்டே காட்டிக்கொடுக்குமா, இல்லை மழுப்புமா? இந்தக் கோணத்தில் மட்டும், லினக்ஸ் ஓடும் இரண்டு சின்னக் கணினி போர்டுகளான ராஸ்பெர்ரி பையையும் பீகிள்போன் பிளாக்கையும் பார்க்கிறேன். கேமரா, வீடியோ, வேகம் எல்லாம் இங்கே கணக்கில் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையில் ஒரு பின்னை எந்த நிரலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், தடுக்க ஆள் இல்லை. பீகிள்போனில் கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) தாண்டி ஒரு பின்னின் வேலையை யாரும் மாற்ற முடியாது. அதனால் பையில் கோளாறு வந்தால் "யார் மாற்றினார்கள்?" என்று தேட வேண்டும். பீகிள்போனில் "யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?" என்று தேட வேண்டும். ஒன்றில் பழகிய கையோடு இன்னொன்றில் தேடினால் நாள் முழுக்க வீண்.

முதலில் எண் குழப்பம்

மென்பொருளைத் தொடும் முன் எண்ணைச் சரிபாருங்கள். பையின் 40 பின் வரிசையில் ஒரே இடத்துக்கு மூன்று எண்கள் உண்டு. வரிசையில் 11-ஆவது பின், சிப் கணக்கில் ஜிபிஐஓ (நிரலால் உள்ளீடாகவோ வெளியீடாகவோ இயக்கும் பின்) 17, பழைய வயரிங்பை நூலகத்தின் கணக்கில் 0. இதில் பலரும் தவறுவது பெரும்பாலும் 17-இல்தான். வரிசையில் 17-ஆவது பின் 3.3 வோல்ட் சப்ளை. ஜிபிஐஓ 17 என்று நினைத்து அங்கே எல்இடியை மாட்டினால் நிரல் ஓடினாலும் நின்றாலும் எரிந்துகொண்டே இருக்கும். அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஜிபிஐஓ 4 என்று நினைத்து வரிசையின் 4-ஆவது பின்னில் மாட்டினால் அங்கே இருப்பது 5 வோல்ட். பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அந்த ஒயரின் மறுமுனை வேறொரு ஜிபிஐஓவைத் தொட்டால் அந்தப் பின்னோடு நிற்காமல் சிப்பே போகலாம்.

பீகிள்போனில் பி8, பி9 என்று இரண்டு வரிசைகள், ஒவ்வொன்றிலும் 46 பின்கள். பெயரே இடத்தைச் சொல்லிவிடும். தப்பு நடப்பது பி8-க்கும் பி9-க்கும் இடையில்தான். பவர் ஜாக் இருக்கும் பக்கம் பி9 என்று மனதில் வைத்துக்கொண்டால் முடிந்தது. மென்பொருளுக்குள் எண் வேண்டுமென்றால் வங்கி (32 பின்கள் கொண்ட தொகுதி) எண்ணை 32-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்: பி9-இன் 12-ஆவது பின், 1-ஆம் எண் வங்கியின் 28, ஆக 32 + 28 = 60. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், ஏனென்றால் மல்டிமீட்டரை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு: பி9-இன் 41, 42 இரண்டிலும் சிப்பின் இரண்டு கால்கள் ஒரே பின்னில் வந்து சேர்கின்றன. ஒன்றை வெளியீடாக வைத்தால் மற்றதை உள்ளீடாகவே விட வேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் மின்னழுத்தம் நடுவில் எங்கோ நிற்கும், காரணமும் புரியாது.

யாருக்குச் சொந்தம் இந்தப் பின்?

அலசலின் கனமான பகுதி இதுதான்.

பையில் ஒவ்வொரு பின்னும் சாதாரண உள்ளீடு, வெளியீடு போக ஆறு மாற்று வேலைகள் வரை செய்யும். இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்று பார்க்க பின்கண்ட்ரோல் கட்டளை இருக்கிறது. பழைய படிமங்களில் அதே வேலையை ராஸ்பி-ஜிபிஐஓ செய்தது. ஒரு வரி தட்டினால் போதும், பின்னின் வேலை, புல்-அப்பா புல்-டவுனா (சும்மா இருக்கும்போது உயர்வுக்கு இழுக்கப்படுகிறதா, தாழ்வுக்கா), இந்த நொடியில் உயர்வா தாழ்வா, எல்லாம் வரும். அதே கட்டளையால் மாற்றவும் முடியும். கோளாறு தேடுகிறவருக்கு இதைவிட வசதி வேறு எந்த போர்டிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கட்டளை கர்னலிடம் அனுமதி கேட்பதில்லை, நேராக சிப்பின் ரெஜிஸ்டரில் (அமைப்புகள் பதிவாகும் இடத்தில்) எழுதுகிறது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகமும் அப்படித்தான். கான்ஃபிக் கோப்பில் ஒன்-வயர் (ஒரே ஒயரில் சென்சாரோடு பேசும் முறை) ஓவர்லேயை, அதாவது எந்தப் பின் எந்த வேலைக்கு என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பை, ஏற்றினால் அது ஜிபிஐஓ 4-ஐ எடுத்துக்கொள்ளும். வெப்பநிலை சென்சார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நண்பர் எழுதிய ரிலே நிரல் அதே 4-ஐ வெளியீடாக்கிவிடும். யாரும் தடுக்க மாட்டார்கள், சென்சார் மட்டும் காணாமல் போகும். அந்த நூலகம் சில சமயம் "இந்தச் சேனல் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, இருந்தாலும் தொடர்கிறேன்" என்று ஒரு எச்சரிக்கை விடும். அதை அணைத்து வைக்கும் வரி இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவற்றில் முதலிலேயே இருக்கும். நகலெடுத்த கையோடு அந்த வரியை அழித்துவிடுங்கள்.

கருவிகளோடு பேசும் எஸ்பிஐ இணைப்பும் இதே ரகம். அதை இயக்கினால் ஜிபிஐஓ 7, 8 இரண்டும் சிப்-செலக்ட் (எந்தக் கருவியோடு பேசுவது என்று காட்டும்) வேலைக்குப் போய்விடும், நீங்கள் ஒரே ஒரு கருவி மாட்டியிருந்தாலும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் ஓவர்லே தனியாக இருக்கிறது, அதைப் போட்டால் 7 திரும்பக் கிடைக்கும். யார் கையில் எந்தப் பின் என்று பார்க்க ஜிபிஐஓ-இன்ஃபோ கட்டளை உதவும். ஆனால் அது காட்டுவது கர்னல் வழியாக வந்தவர்களை மட்டுமே. பின்வாசல் வழியாக நேராக எழுதியவர் அதில் தெரிய மாட்டார். பின்கண்ட்ரோல் ஒன்றும் ஜிபிஐஓ-இன்ஃபோ வேறொன்றும் சொன்னால் உங்கள் ஆள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்.

பீகிள்போனுக்கு வாருங்கள். இங்கே ஒரு பின்னுக்கு 0 முதல் 7 வரை எட்டு மோடுகள், ஜிபிஐஓ என்பது 7. பையில் பழகியவர் டெவ்மெம் (நினைவகத்தில் நேராக எழுதும் கட்டளை) மாதிரி ஒன்றை எடுத்து நேராக ரெஜிஸ்டரில் எழுதப் பார்ப்பார். கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடியும். திரும்பப் படித்தால் பழைய மதிப்பே இருக்கும். இந்த சிப்பில் பின் ரெஜிஸ்டர்களைக் கர்னல் மட்டத்திலிருந்து மட்டுமே எழுத முடியும். வெளியிலிருந்து எழுதினால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். தெரியாதவர் போர்டே பழுது என்று நினைத்துவிடுவார்.

சரியான வழி கான்ஃபிக்-பின் கட்டளை. அதுவும் யுனிவர்சல் கேப் என்ற ஓவர்லே ஏற்றப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். "ஸ்டேட் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று வந்தால் இரண்டில் ஒன்று: அந்த ஓவர்லே இல்லை, அல்லது அந்தப் பின் வேறு யாரிடமோ இருக்கிறது. யாரிடம் என்பதற்குப் பெரும்பாலும் பதில் எளிது. பி8-இன் 3 முதல் 6 வரையும் 20 முதல் 25 வரையும் போர்டிலேயே இருக்கும் இஎம்எம்சி நினைவகத்துக்கு. 27 முதல் 46 வரை எச்டிஎம்ஐ-க்கு. இரண்டு கிரவுண்டையும் கழித்தால் பி8-இல் உங்களுக்கென்று மிஞ்சுவது 14 பின்கள். "92 பின் இருக்கு" என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

விடுவிக்கவும் வழி உண்டு. பூட் கோப்புறையில் இருக்கும் யூ-என்வ் கோப்பில் வீடியோ ஓவர்லேயை முடக்கும் வரியின் முன்னால் இருக்கும் குறியை எடுத்துவிட்டு ரீபூட் செய்தால் எச்டிஎம்ஐ பின்கள் வரும். திரை இல்லாத புராஜெக்ட்டில் இதைத் தயங்காமல் செய்யலாம். இஎம்எம்சி-யை முடக்கும் முன் ஒன்று: எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதை ஆகிவிடும்.

பீகிள்போனில் உண்மை நிலையைப் பார்க்கும் இடம் கர்னலின் டீபக் கோப்புறை. ஒவ்வொரு பின்னுக்கும் ஹெக்ஸில் (பதினாறடி எண்முறையில்) ஒரு மதிப்பு நிற்கும். 27 என்றால் மோடு 7, உள்ளீடு திறந்திருக்கிறது, புல்-டவுன். 37 என்றால் அதே உள்ளீடு, புல்-அப்போடு. வெறும் 7 என்றால் உள்ளீட்டு பஃபர் மூடியிருக்கிறது, வெளியே 3.3 வோல்ட் நின்றாலும் நிரலுக்கு 0-தான் தெரியும். ஸ்விட்ச்சை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் போதும். பக்கத்திலேயே இன்னொரு கோப்பு, எந்தப் பின்னை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பெயரோடு சொல்லும். பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருக்கும், பையின் அழகான வரி மாதிரி இல்லை. ஆனால் பின்னின் வேலையை மாற்ற இங்கே பின்வாசல் இல்லாததால், அது சொல்வதை அப்படியே நம்பலாம். அதனால்தான் பல பின்களைப் பல நிரல்கள் பங்குபோடும் வேலைக்கு நான் பீகிள்போன் பக்கம் சாய்கிறேன்.

சீரியல் போர்ட்

ஜிபிஎஸ், ஜிஎஸ்எம் மாட்டுகிறவர்களுக்கு மட்டும். பை 3, 4 இரண்டிலும் நல்ல யுஆர்ட் (சீரியல் போர்ட்டை இயக்கும் பகுதி) புளூடூத்துக்குப் போய்விட்டது. வரிசையின் 8, 10 பின்களில் வருவது மினி யுஆர்ட். அதன் வேகம் கோர் கடிகாரத்தோடு கட்டப்பட்டது, கடிகாரம் மாறினால் எழுத்துகள் குப்பையாக வரும். புளூடூத்தை முடக்கும் ஓவர்லே போட்டால் நல்ல யுஆர்ட் பின்னுக்குத் திரும்பும். அப்புறம் லாகின் கன்சோலும் அதே பின்னில் உட்கார்ந்திருக்கலாம், அதை ராஸ்பி-கான்ஃபிக்கில் தனியாக நிறுத்த வேண்டும். பீகிள்போனில் டீபக் கன்சோலுக்கு தனி 6 பின் வரிசை இருப்பதால் இந்தச் சண்டையே கிடையாது. பி9-இன் 24, 26 இரண்டையும் யுஆர்ட் மோடுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. இந்தச் சுற்றில் பீகிள்போன், சந்தேகமே இல்லை.

பவர் போடும் நொடி

இதில் தலைகீழ். பையில் பூட் ஆகும்போது ஜிபிஐஓ 0 முதல் 8 வரை புல்-அப், 9 முதல் 27 வரை புல்-டவுன். மோட்டாரை இயக்கும் மாஸ்ஃபெட் சுவிட்ச்சை, அதன் கேட்டில் தனி ரெசிஸ்டர் போடாமல், ஜிபிஐஓ 5-இல் மாட்டினால், உங்கள் நிரல் எழும் முன்பே மோட்டார் சுற்ற ஆரம்பிக்கலாம். 9-க்கு மேல் மாற்றினால் சரியாகிவிடும். பெரிய ஆபத்து இல்லை. பீகிள்போனிலோ பி8-இன் 31 முதல் 46 வரை உள்ள 16 பின்களும் பவர் வரும் நொடியில் எங்கிருந்து பூட் செய்வது என்று சிப்புக்குச் சொல்பவை. அதில் உங்கள் சென்சார் ஒன்றை மேலேயோ கீழேயோ இழுத்தால் போர்டு எழாமலே போகலாம். சென்சாரைக் கழற்றினால் எழும். மாட்டினால் எழாது. மின்தடைக்குப் பின் தானாக எழ வேண்டிய கருவி என்றால் அந்த 16-ஐயும் தொடாமல் இருப்பதே நல்லது.

வோல்ட் விஷயத்திலும் பீகிள்போனுக்கு ஒரு முள் அதிகம். அதில் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) இருக்கிறது, பையில் கிடையாது. ஆனால் அந்த ஏடிசி பின்கள் தாங்குவது 1.8 வோல்ட் மட்டுமே. பொட்டென்ஷியோமீட்டரை 3.3-இல் கட்டி அங்கே கொண்டுபோவது சிப்பை எரிக்கும் வழி.

பழைய குறிப்புகள்

இரண்டிலும் பாதிக் கோளாறு பழைய வழிகாட்டிகளால் வருவது. பீகிள்போனுக்கு "ஸ்லாட்ஸ் கோப்பில் ஓவர்லே பெயரை எழுது" என்று ஒரு குறிப்பு சொன்னால், அது 3.8 கர்னல் காலத்து வழி, மூடிவிடுங்கள். இப்போது ஓவர்லே ஏற்றுவது, போர்டை எழுப்பும் யூ-பூட் நிரலின் வேலை. பையில் 2023-இல் வந்த புக்வர்ம் படிமத்திலிருந்து கான்ஃபிக் கோப்பு, பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்கோப்புறைக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் திருத்தினால் ஒன்றும் நடக்காது. பை 5-இல் பின்களைக் கவனிப்பது ஆர்பி1 என்ற தனி சிப். நான் மேலே சொன்ன பைத்தான் நூலகம் அதில் ஓடவே ஓடாது, ஜிபிஐஓ-ஜீரோவுக்கு மாறுங்கள். சிஸ்எஃப்எஸ் (கர்னல் காட்டும் கோப்புகள்) வழியாக எண் கொடுத்து இயக்கும் முறையும் புதிய கர்னல்களில் எண் நகர்ந்து ஏமாற்றும். அந்த முறை 2016-இலேயே கைவிடப்பட்டது என்பதைப் பல வகுப்பறைகள் இன்னும் கேள்விப்படவில்லை.

யாருக்கு எது

ஓரிரு சென்சார், ஒரு ரிலே, செய்து முடிக்க ஒரு மாதம் என்றால் பை. ரிச்சி தெருவில் இன்றே கிடைக்கும், பின்கண்ட்ரோல் கையில் இருக்கிறது, உதவி கேட்க ஆளும் நிறைய. அம்பத்தூர், கிண்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வருடக்கணக்காக ஓட வேண்டிய கருவி, நாலு சீரியல் போர்ட், நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்கும் வேலை என்றால் பீகிள்போன். அதற்கென்றே பிஆர்யூ என்ற இரண்டு சிறு செயலிகள் அந்த சிப்புக்குள் தனியாக இருக்கின்றன. லினக்ஸே தேவையில்லாத வேலைக்கு இரண்டும் வேண்டாம், பைகோ, ஈஎஸ்பி32 மாதிரி ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு போதும்.

எதை வாங்கினாலும் அதே பில்லில் ஒரு மல்டிமீட்டரும் புது ஜம்பர் ஒயர் கட்டும் சேரட்டும். கட்டளை காட்டுவது சிப்புக்குள் இருக்கும் நிலை, ஒயருக்குள் அறுந்த கம்பியை அது பார்க்காது. பின்னை வெளியீடாக வைத்து உயர்த்துங்கள், மீட்டரில் முதலில் போர்டின் பின்னையும் அடுத்து ஒயரின் மறுமுனையையும் தொடுங்கள். முதல் இடத்தில் 3.3 வந்து இரண்டாவதில் வராவிட்டால், ஒயரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுங்கள்.