பழைய கார் பார்ட்ஸ்: வேலூரிலிருந்து எதை எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்?

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ ஷெட்டிலிருந்து வெளியே தள்ளியதும் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான். பாதிப் பொருளுக்கு அது சரி. மீதிப் பாதியை அங்கே வாங்கினால் ஒரே சாமானுக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டிவரும். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. பக்கத்திலேயே ராணிப்பேட்டை லேத் பட்டறைகள். போனை எடுத்தால் கொல்கத்தா, வலையைத் திறந்தால் இங்கிலாந்து. இத்தனை வழி இருக்கும்போது ‘எங்கே மலிவு’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்த வண்டி? அம்பாசடர் உற்பத்தி 2014 வரை ஓடியது. அதனால் இன்றும் புதுப் பொருள் நிறையக் கிடைக்கிறது. பத்மினி அதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்பே நின்றுவிட்டது. இன்ஜின் பார்ட்ஸ் கிடைக்கும், பாடி பார்ட்ஸ் தேடித்தான் எடுக்க வேண்டும். சென்னையிலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு உள்ளூரில்தான் பஞ்சம் அதிகம். இன்னொன்று: அம்பாசடரும் ஹெரால்டும் இன்ச் மரை, ஃபியட் வழி வந்த பத்மினி மெட்ரிக் மரை. கடைக்காரர் “இதுவும் அதே சைஸ்தான் சார்” என்று தரும் போல்ட்டைக் கையால் நாலு சுற்று விட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இரண்டு சுற்றில் இறுகினால் அது வேறு மரை. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இன்ஜின் பிளாக்கில் உள்ள மரை போய்விடும்.

புதுப்பேட்டை

எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சந்தையின் பலம், வண்டியிலிருந்து கழற்றிய இரும்பு. கதவு, பானெட், டிக்கி, பம்பர், ஸ்டீயரிங் காலம், கியர்பாக்ஸ் கூடு, டிஃபரன்ஷியல், லீஃப் ஸ்பிரிங், விண்டோ மெஷின், கதவுப் பூட்டு போன்றவை. கம்பெனி போட்ட தகடு இன்றைய நகல் தகட்டைவிடத் தடிமன். டிங்கரிங் செய்பவரைக் கேட்டால் நகல் ஃபெண்டரைத் தொடவே யோசிப்பார்.

கையில் நான்கு பொருள் வேண்டும்: வெர்னியர், மரை கேஜ், டார்ச், ஒரு காந்தம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ் விளிம்பு, வீல் ஆர்ச், ஹெட்லைட் வளையத்தைச் சுற்றி நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பெயின்ட்டுக்கு உள்ளே பட்டி (புட்டி) பூசியிருக்கிறது. கதவின் அடி மடிப்பை உள்பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பெயின்ட் பளபளத்தாலும் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

அதே காந்தம் குரோம் சாமானுக்கும் உதவும். ஒட்டினால் இரும்பு, பம்பர் எத்தனை மங்கியிருந்தாலும் தேய்த்து மறுபடி முலாம் போட முடியும். ஒட்டாமல் கனமாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தால் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு: கைப்பிடி, சின்னம், விளக்கு வளையம் எல்லாம் இந்த வகைதான். மேலே கொப்புளம் போலப் புள்ளி விழுந்திருந்தால் துத்தநாகமே அரித்துவிட்டது என்று பொருள். பிளேட்டிங் ஆசிட் அதை இன்னும் தின்னும். ஒவ்வொரு குழியையும் சுரண்டி, செம்பு முலாம் ஏற்றி, தேய்த்து, அதற்கு மேல் நிக்கல், குரோம் என்று போகும்போது கூலி பொருளின் விலையைத் தாண்டிவிடும். புள்ளி விழாத சாமானுக்கு இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுக்கலாம்.

பேரத்தில் ஒரு விஷயம். சாம்பிளை முதலிலேயே எடுத்து நீட்டாதீர்கள். “ஹெரால்டு கைப்பிடி இருக்கா பாய்?” என்று தேடி வந்தவர் என்று தெரிந்ததுமே விலை ஏறிவிடும். நாலு பொருளோடு சேர்த்துக் கேட்டு, கடைசியில் அளவு ஒத்துப் பாருங்கள். பில் பெரும்பாலும் இருக்காது, திருப்பித் தருவதும் பேசி வைத்தால்தான். சிலிண்டர் ஹெட் எடுத்தால் “வேலூரில் பிரஷர் டெஸ்ட் போட்டு விரிசல் இருந்தால் திருப்புவேன்” என்பதைக் காசு கொடுக்கும் முன்பே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே முடி போல ஓடும் விரிசல் கிரீஸ் படிந்த ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே வாங்கவே கூடாதவை: பிரேக் ரப்பர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட், டை ராட் எண்ட், பேரிங்.

ஜி.பி. ரோடும் ஜே.சி. ரோடும்

புதுப் பொருளுக்குச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு, பெங்களூருவில் ஜே.சி. ரோடு. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு அதைவிட எழுபது அதிகம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால், அம்பாசடர், பத்மினி இரண்டுக்கும் சென்னையே போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘ஓல்டு ஸ்டாக்’ என்ற மந்திரம். முப்பது வருடமாகப் பெட்டி பிரிக்காத கம்பெனி சரக்கு என்றால் பழைய கார்க்காரர்களுக்கு வாயூறும். கார்புரேட்டர் ஜெட், டிஸ்ட்ரிபியூட்டர் கியர், பிஸ்டன், வால்வு என்றால் தாராளமாக வாங்கலாம்; உலோகத்துக்கு வயது இல்லை. ரப்பருக்கு உண்டு. பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் வீல் சிலிண்டர் கப் இறுகிப்போகும். விளிம்பை நகத்தால் மடக்கிப் பார்த்தால் நுண்ணிய வெடிப்பு தெரியும். அதைப் போட்டு, நம்ம ஊர் மே மாத வெயிலில் ஒரு மலைச்சாலை இறங்கினால் பெடல் தரையைத் தொடும். பழைய பெட்டியைவிட இந்த வருடம் தயாரான சாதாரண கிட் மேல். சோளிங்கரில் ஆலை வைத்திருக்கும் பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடி பகுதியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். போன்றவர்களின் சரக்கு என்றால் பெட்டியின் முத்திரையையும் பார்ட் எண்ணையும் ஒத்துப் பார்த்தே வாங்குங்கள். எழுத்து அச்சு மங்கலாகவோ எழுத்துப் பிழையோடோ இருந்தால் டூப்ளிகேட்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பழைய விலைப்பட்டியலில் 28 சதவீதம் சேர்த்து வைத்துக்கொண்டு அதையே இன்னும் சொல்லும் கடை உண்டு. பில்லில் எத்தனை சதவீதம் வரி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் சென்னை போகவே வேண்டாம். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், அந்த எண் இருந்தால் வேலூரிலேயே பேரிங் கடையில் கிடைக்கும். சீலுக்கு மூன்று அளவு: தண்டின் விட்டம், கூட்டின் விட்டம், தடிமன். ‘அம்பாசடர் சீல்’ என்று கேட்டால் ஒரு விலை, அளவைச் சொல்லிக் கேட்டால் வேறு விலை. பொருள் ஒன்றேதான்.

கொல்கத்தா பார்சல்

அம்பாசடருக்கு மட்டும் இது பார்க்கத் தகுந்த வழி. மஞ்சள் டாக்சிகள் 15 வருடம் முடிந்து வரிசையாக ஓய்வு பெறுவதால் மல்லிக் பஜாரில் அம்பாசடர் சாமான் குவிகிறது. கியர்பாக்ஸ், ஆக்ஸில் மாதிரி கனமான சாமானில் லாரி பார்சல் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சின்னச் சாமானுக்குக் கட்டாது. மார்க் எண்ணை (அம்பாசடரின் மாடல் வரிசை எண்) சொல்லாமல் ஆர்டர் போட்டால் மார்க் 2 கிரில்லுக்குப் பதில் மார்க் 4 கிரில் வரும். போட்டோவும் அளவுகோல் வைத்த படமும் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இங்கிலாந்திலிருந்து

அம்பாசடர், பத்மினிக்கு இது ஆடம்பரம். அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் என்பதால், அதே இன்ஜின் வகை போட்ட எம்.ஜி.ஏ. 1500 காரின் பெயரில் தேடினால் நிறைய வரும். ஆனால் அதே பொருள் ஜி.பி. ரோட்டிலேயே இருக்கும்போது எதற்கு?

ஹெரால்டு கதை வேறு. அதன் மூல வண்டியான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்றும் பார்ட்ஸ் புதிதாகச் செய்கிறார்கள். குறிப்பாக முன்சக்கர ட்ரனியன். எஃகுத் தண்டின் கீழ் மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். வண்டி திரும்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். நம்ம ஊரில் கிரீஸ் கன்னைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கீழ் மரை வரை இறங்காது, தண்ணீர் தேங்கும், எஃகு துருவேறும், ஒருநாள் தண்டு கடைசி மரையில் ஒடிந்து சக்கரம் மடங்கும். இதைப் பழைய சந்தையில் வாங்கினால் அடுத்தவர் அடித்த கிரீஸையும் சேர்த்து வாங்குகிறோம். புதிதாகத் தண்டும் கட்டையும் ஜோடியாக வரவழைப்பதே சரி. இடமும் வலமும் மரை எதிர்எதிர். ஆர்டரில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

விலைக் கணக்கில் பலரும் சறுக்குவது இறக்குமதி வரியில். வரி பொருளுக்கு மட்டும் இல்லை. பொருள், கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு. 40 பவுண்டு பொருளை 35 பவுண்டு கூலியில் வரவழைத்தால் வரி 75 பவுண்டையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குக் கணக்காகும். சுங்க வரி சேர்ந்த பிறகு அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடும் ஜி.எஸ்.டி.), கூரியர் கையாளும் கட்டணம் தனி. அதனால் ஹெரால்டு வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் கூலி பங்காகும்.

ஒரு பொறி: இந்தியாவில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும் செய்தது. பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங் எதுவும் இங்கிலாந்தில் இல்லை. அதற்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெஸலுக்குப் பின் ஆக்ஸிலே வேறு. இவற்றுக்கு இன்னொரு வண்டியையே வாங்கி உடைப்பதுதான் வழி.

ராணிப்பேட்டை லேத்

நம்ம பக்கத்தின் உண்மையான அனுகூலம் இதுதான். சிப்காட்டுக்கு வேலை செய்து பழகிய பட்டறைகள் என்பதால் அளவு என்றால் அளவு. புஷ், ஸ்பேசர், ஷாக்கிள் பின், ஸ்டட், வாட்டர் பம்ப் தண்டு, உடைந்த மரைக்கு இன்சர்ட் எல்லாம் இங்கே செய்துகொள்ளலாம்.

ஆனால் வரிசை முக்கியம். கிராங்க் கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் பேரிங் ஷெல்லைக் கையில் வாங்கிவிடுங்கள். பட்டறையில் 20 தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்துவிட்டு, கடையில் 30 தௌ மட்டுமே இருந்தால் கிராங்க்கை இன்னொரு தடவை கடைய வேண்டும், ஆயுளும் போச்சு. போரிங்கும் அப்படியே: அம்பாசடரின் அசல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ., பத்மினி 68 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுப் போர் செய்யச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பிப் போர் செய்தால் ஒரு சிலிண்டர் தட்டும், இன்னொன்று பிடிக்கும்.

பத்மினியின் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சுத் தண்டு) புஷ்ஷை பாஸ்பர் பிரான்ஸில் கடைந்து வாங்குவது நல்ல சிக்கனம். லேத்திலேயே முடிவளவுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. புஷ்ஷைக் கூட்டில் அழுத்தியதும் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே கோட்டில் இருக்காது. கடைசி அளவை இரண்டையும் அழுத்தியபின், இரண்டுக்குள்ளும் ஒரே நீள ரீமரை விட்டு எடுக்க வேண்டும். கிங்பின் சொந்த எடையில் மெல்ல இறங்கினால் சரி. தட்டி இறக்கினால் ஸ்டீயரிங் திரும்பியபின் தானாக நேராகாது.

டை ராட், ஸ்டீயரிங் ஆர்ம், பிரேக் பெடல் லிங்க் இவற்றுக்கு லேத்தோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம், எத்தனை மலிவாகச் செய்து தந்தாலும்.

ரேடியேட்டரைச் செம்பு பித்தளையிலேயே மறுபடி கோர் போடச் சொல்லுங்கள். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில் அதைக் கசிந்தால் பற்றவைத்துக்கொள்ளலாம், அலுமினியத்தில் அந்த வசதி குறைவு. சீட்டுக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் ஆசை வரும். ஷூவுக்கான தோலின் மேல்பூச்சு கண்ணாடி வழியே விழும் வெயிலுக்கு நிறம் மாறும். சோபா, கார் சீட்டுக்கென்றே பதப்படுத்திய தோல், 1.1 முதல் 1.3 மி.மீ. தடிமன் என்று கேளுங்கள். அசல்தான் வேண்டுமென்றால் இந்த வண்டிகளுக்கு ரெக்சின், அது இன்னும் மலிவு.

மாற்றம் செய்பவர்களுக்கு

அம்பாசடருக்கு முன் டிஸ்க் பிரேக் மாற்ற, பின்னாள் மாடல்களிலிருந்து கழற்றிய செட் புதுப்பேட்டையில் மலிவாக வரும். ஸ்டப் ஆக்ஸில், கேலிப்பர், டிஸ்க்கோடு நிறுத்திவிடாதீர்கள், மாஸ்டர் சிலிண்டரும் அதே வண்டியுடையதாக இருக்க வேண்டும். டிரம் மாஸ்டருக்குள் இருக்கும் சிறு வால்வு லைனில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் பேட் உரசிக்கொண்டே ஓடும், பத்துக் கிலோமீட்டரில் வீல் சூடாகும். பூஸ்டரையும் சேர்த்தே விலை பேசுங்கள், தனியாகத் தேடினால் கூடுதலாகும்.

அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். வண்டியின் 1817 சி.சி. இசுசு இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் பழைய மார்க்கில் ஏற்றுவது இன்னொரு ஆசை. இன்ஜினுக்கு பில்லும், அது இருந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான நகலும் இல்லாமல் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது எண் ஏற வேண்டும். 50 வயதைத் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி வின்டேஜாகப் பதிய நினைத்தால், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் கழற்றிய அசல் இன்ஜினைக் காயலாங்கடையில் போடாமல், சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, பிளக் ஓட்டைகளை அடைத்து, எண் பொறித்த பக்கம் தெரிகிற மாதிரி மரப்பலகை மேல் ஏற்றி வையுங்கள்.