ஜாய்ஸ்டிக் விலை இறங்கிடுச்சாம், வாங்கலாமா?

ஈரோட்டு நண்பர் கேட்டார், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட நான் வைத்திருக்கும் அதே ஜாய்ஸ்டிக்கைப் பற்றித்தான். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். எத்தனை பட்டன் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது.

பிடி அருமை. வருடக்கணக்கில் ஃப்ளைட் சிமுலேட்டரில் அடித்துப் பிழிந்தும் ஸ்பிரிங் தளரவில்லை. என் சண்டையெல்லாம் ஒரே விஷயத்தில்தான்: பிடியை அசைக்காமல் வைத்திருந்தாலும் விமானத்தின் மூக்கு மேலும் கீழும் ஆடுகிறது.

வெட்டவெளியில் பறப்பவருக்கு இது உறைக்காது. எனக்குப் பிடித்ததோ, பெரிய ஏர்போர்ட் பக்கம் சின்ன விமானங்கள் கண்ணால் பார்த்துப் பறந்து போக விட்டிருக்கும் சந்துகள். லாஸ் ஏஞ்சல்ஸில் சான்டா மோனிகா வி.ஓ.ஆர் என்ற, திசை காட்டும் ரேடியோ நிலையத்தின் 132 டிகிரி கோட்டைப் பிடித்தால் ஓடுபாதைகளுக்கு மேலேயே குறுக்காகப் போகலாம். விமானப் போக்குவரத்துக் கண்ட்ரோலரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தென்கிழக்கே போக 3,500 அடி, வடமேற்கே வர 4,500 அடி. வேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) தாண்டக் கூடாது. ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் 1201 வைத்து, ரேடியோவில் 128.55 அலைவரிசையில் நாம் இருக்கும் இடத்தை நாமே சொல்லிக்கொண்டு போக வேண்டும். கீழே பெரிய ஜெட்டுகள் இறங்குவதைப் பார்த்தபடி கடக்கும் சுகம் இருக்கிறதே!

அங்கே இரண்டு வழிகளுக்கும் நடுவே ஆயிரம் அடி இருக்கிறது, கொஞ்சம் ஆடினாலும் சமாளிக்கலாம். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் அது நடக்காது. நிற்காமல் கடப்பவர்கள் 1,000 அடிக்கும் 1,300 அடிக்கும் இடையிலேயே போக வேண்டும். அதற்குக் கீழே சுற்றிக் காட்டும் ஹெலிகாப்டர்கள். 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு சின்ன விமானமும் அப்படியொரு ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்த பிறகு வந்த கட்டாய விதி இது. அந்த 300 அடிக்குள் இந்த ஜாய்ஸ்டிக்கோடு போய்ப் பாருங்கள். சுதந்திரதேவி சிலையை நான் நிம்மதியாகப் பார்த்ததே இல்லை, கண் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரிலேயே.

டெட் ஜோனை, அதாவது பிடியின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவை, கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் ஆட்டம் நிற்கும், கூடவே நுணுக்கமும் போய்விடும். லேசாக இழுத்தால் அசையாது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் துள்ளும்.

கடைசியில் எங்கள் திருப்பூர் மோட்டார் வைண்டிங் கடை அண்ணன்தான் பிரித்துப் பார்த்தார். "ஏந்தம்பி, உள்ள பனியன் கம்பெனி நடத்தறீங்களா?" அவ்வளவு பஞ்சுத் தூசி. இதில் பிடியின் அசைவை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தில் ஒரு முள் உரசிக்கொண்டே இருக்கும். கிளீனர் அடித்ததும் ஆட்டம் நின்றது. தடம் தேய்ந்திருக்கு, மறுபடியும் வரும் என்றார். வந்துவிட்டது. காந்தத்தை வைத்து வேலை செய்யும் ஹால் சென்சாரில் உரசலே கிடையாது. இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது நியாயமா? லாஸ் ஏஞ்சல்ஸ் போன அன்று கேட்டால் இல்லை என்பேன்.

நேற்று ஹட்சன் போனேன். வாங்காதீங்க மாப்ள, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்க. சரி, அப்போ உங்களுடையதைக் குடுங்க என்று கேட்காதீர்கள், தர மாட்டேன்.