முத்திரை இல்லாத வாளுக்கு வயது கேட்டேன்

முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவன் நான். கையில் இரும்பு எதைக் கொடுத்தாலும் முதலில் வெர்னியரைத் தேடுவேன். தாத்தாவின் வாளை எங்கெங்கே அளக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தது ஒரு இணையச் சேவை. படமும் அளவும் அனுப்பினால், எழுத்தோ முத்திரையோ இல்லாத பழைய வாள் எந்தப் பக்கத்தது, எந்தக் காலத்தது என்று எழுதித் தருகிறார்கள். மூன்று வாள்களுக்குக் கேட்டுப் பார்த்தேன்.

தாத்தாவின் வாளுக்கு இதற்கு முன்னால் வேறோர் இடத்தில் கேட்டிருந்தோம். ஒரே படம் போதும் என்றார்கள். மறுநாளே '1650, அரச குடும்பத்து வாள்' என்று சான்றிதழ் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. ஒரு கீறல் எழுத்துகூட இல்லாத இரும்பிலிருந்து வருஷத்தை எப்படிப் படித்தார்கள்?

இந்தப் புதிய சேவைக்காரர்கள் பதில் சொல்வதற்கு முன் என்னைத்தான் குடைந்தார்கள். பதினான்கு படங்கள், எடை, எந்தப் புள்ளியில் விரல் வைத்தால் வாள் சாயாமல் நிற்கிறது, அலகின் முதுகுத் தடிமன் பிடியருகே, நடுவில், முனைக்குச் சற்று முன்னால் எவ்வளவு. எனக்கு 8.4, 4.3, 2.1 மில்லிமீட்டர் வந்தது. சண்டைக்காக அடித்த வாள் பெரும்பாலும் இப்படி முனை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பட்டைக் கம்பியைச் சாணை பிடித்துச் செய்த அலங்கார வாளில் தடிமன் கடைசிவரை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதுவரை நீளத்தையும் வளைவையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

அறிக்கை நான்கு பக்கம். பிடி தல்வார் என்ற இந்திய வளைவாள் வகை: இரும்பு, தட்டு வைத்த குமிழ், உள்ளே அலகை ஒட்டிப் பிடிக்க அரக்கு. அலகு வேறு கதை. ஒற்றை அகலப் பள்ளம், முனை நோக்கி அகன்றுபோகும் வடிவம். பிரிட்டிஷ் இலகுரகக் குதிரைப்படையின் 1796 மாதிரி வாளை ஒத்திருக்கிறது என்றார்கள். ஐரோப்பாவில் செய்த அலகா, அதைப் பார்த்து இந்தியாவில் அடித்ததா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, பெரும்பாலும் 1800-க்கும் 1850-க்கும் இடையில். பிடிக்குத் தனியாகக் காலம் தரவில்லை, அந்த வடிவம் நூற்றாண்டுகளாக மாறாமல் ஓடியதாம். ஆக வாள் ஒன்று, வயது இரண்டு.

அலகைக் கழற்றி வாலை, அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியைப் பார்த்தால், இந்தப் பிடிக்காக வெட்டிக் குறுக்கியிருந்தால் தெரியுமே என்று கேட்டேன். அரக்கைச் சூடாக்கினால் போதும், எனக்கு ஐந்து நிமிட வேலை. வேண்டவே வேண்டாம் என்று தடுத்தார்கள். கை அரித்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு முத்திரையாவது இருந்திருக்கலாமே என்று புலம்பியதற்கு வந்த பதில் அருமை. இத்தாலியின் ஜெனோவா நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் கண்ணிமை மாதிரிக் குறியை இந்தியாவிலும் காகசஸிலும் தாராளமாக நகலெடுத்திருக்கிறார்கள். ஆண்ட்ரியா ஃபெராரா என்ற வாள்கொல்லரின் பெயரை ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த அலகுகளிலும் பொறித்தார்கள். முத்திரை இருந்திருந்தால் நான் இன்னும் நன்றாக ஏமாந்திருப்பேன்.

மைத்துனர் சந்தையில் வாங்கிய பித்தளைப் பிடி வாளுக்கு மறுநாளே பதில் வந்தது. தடிமன் எங்கும் ஒரே அளவு, பிடியில் நட்சத்திர வாய் (பிலிப்ஸ்) திருகு. அந்தத் திருகு 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. திருகு பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரிக்காகவே எனக்கு நம்பிக்கை கூடியது. அலகின் பள்ளம் ரத்தம் வழிய வெட்டிய வாய்க்கால் என்று மைத்துனர் இன்றும் சாதிக்கிறார். விறைப்பு குறையாமல் எடையைக் குறைக்கத்தான் அது, ஐ வடிவ உத்தரத்தில் செய்வது மாதிரி.

நண்பரின் பெயரில்லாத ஜப்பானிய வாளை ஏற்கவே இல்லை. வால் துருவின் நிறம், அரம் ஓடிய கோடுகள், எஃகின் இழை எல்லாவற்றையும் நேரில் பார்த்தால்தான் உண்டு, ஜப்பானில் 1948-இல் தொடங்கிய, கலை வாள்களைப் பாதுகாக்கும் என்.பி.டி.எச்.கே. சங்கத்திடம் போங்கள் என்று பணத்தைத் திருப்பிவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. தாத்தாவின் வாளுக்கு ஐந்து வாரம் காக்க வைத்தார்கள். அகலத்தையும் தடிமனையும் இடம் மாற்றி அச்சடித்திருந்தார்கள். நான் எழுதிய பிறகுதான் திருத்தினார்கள். கலைச்சொற்களுக்கு விளக்கமே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு வாளின் படம் ஒன்றாவது வைத்திருக்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

என் பக்கத்திலும் ஒரு தப்பு. அனுப்புவதற்கு முன் அழகு பார்க்க எமரி பேப்பரால் ஒரு சாண் தேய்த்துவிட்டேன். 'இந்த இடத்தில் படிக்க எதுவும் மிஞ்சவில்லை' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதை அண்ணனிடம் காட்டவில்லை. எப்படியும் அவர் வீட்டுக் கூடத்தில் இன்னும் அந்த 1650 சான்றிதழ்தான் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.