வடசேரி மீன் குழம்பும் பிளாஸ்டிக் பையும்

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தச் சிறு உணவகத்தில் அவித்த மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) வாட்டிய வாழையிலையில் கட்டித் தருகிறார்கள். தேங்காய் அரைத்த மீன் குழம்பின் சுவையிலும் குறையில்லை. ஆனால், கொதிக்கும் குழம்பை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போடுவது உறுத்துகிறது. சில பிளாஸ்டிக்குகளை நெகிழ்வாக்கக் கலக்கப்படும் தாலேட் சேர்மங்கள், சூடும் எண்ணெயும் சேர்ந்தால் உணவில் எளிதாகக் கசியும். இப்படி உடலுக்குள் போகும் சில வேதிப்பொருள்கள் கொழுப்பைக் கூட்டக்கூடும் என்ற ஐயமும் உண்டு: கப்பல்களின் அடிப்பாகப் பூச்சில் ஒருகாலத்தில் சேர்க்கப்பட்ட டிரைபியூட்டைல்டின் என்ற வேதிப்பொருள், கருவிலேயே அதன் தாக்கத்துக்கு உள்ளான சுண்டெலிகளுக்குப் பின்னாளில் கொழுப்பைக் கூட்டியதை அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் புரூஸ் புளூம்பெர்க் குழுவினர் 2006இல் காட்டினர். மனிதரின் உடல் எடையில் இத்தகைய வேதிப்பொருள்களின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது (மரச்சீனியின் பங்கில் ஐயமில்லை). தூக்குச்சட்டி கொண்டுசென்றால், முகம் சுளிக்காமல், ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுகிறார்கள்.