பி.எஃப். கணக்குக்கு எந்தச் சம்பளம்: படிகளாகப் பிரித்ததா, உச்சவரம்பா, முழுத் தொகையா?

நெல்லை டவுன் ரத வீதிகளில் கடை நடத்தும் முதலாளிகள், இருபது பேர் ஆனால் பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதி கட்டாயம் என்பதால், இருபதாவது ஆளைச் சேர்த்த மாதத்தில் சம்பளப் பட்டியலுடன் என் மேசைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்துக் கடை அண்ணாச்சி எப்படிக் கட்டுதாவ?" என்பதுதான். பக்கத்துக் கடைகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன. சம்பளத்தைப் படிகளாகப் பிரித்து அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டுவது ஒன்று. சம்பளம் எவ்வளவானாலும் சட்டம் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பு வரை மட்டும் கட்டுவது இன்னொன்று. முழுச் சம்பளத்துக்கும் கட்டுவது மற்றொன்று. முதல் வழி மலிவாகத் தோன்றுவதால் அதையே விரிவாகப் பார்க்க வேண்டும்.

மாதம் 14,000 ரூபாய் வாங்கும் ஒரு விற்பனையாளரை எடுத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் அடிப்படைச் சம்பளமாகக் காட்டினால், அவரிடம் 12 விழுக்காடாக 1,680 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 1,680 ரூபாயும், காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் தலா அரை விழுக்காடு வீதம் 140 ரூபாயும் சேர்த்து, 1,820 ரூபாய் கட்டுவார். அதே சம்பளத்தை அடிப்படை 7,000, வீட்டு வாடகைப் படி 2,800, சிறப்புப் படி 3,000, பயணப் படி 1,200 என்று பிரித்து எழுதினால் முதலாளியின் செலவு 910 ரூபாயாகிவிடும். 22 பேர் இருக்கும் கடையில் மாதம் 20,020 ரூபாய் மிச்சம். தொழிலாளிக்கும் கையில் வரும் சம்பளம் கூடுவதால் அவரும் மறுப்புச் சொல்வதில்லை.

ஆனால் 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வீட்டு வாடகைப் படியைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறதே தவிர, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக மாதந்தோறும் தரப்படும் படிகளை விலக்கவில்லை என்பதை, 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கப் பள்ளி ஒன்றின் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. கூடுதல் உழைப்புக்காகவோ, சிலருக்கு மட்டுமோ தரப்பட்டது என்று முதலாளி காட்ட முடியாத படி, அடிப்படைச் சம்பளத்தோடு சேரும். மேற்கண்ட பட்டியலில் சிறப்புப் படியும் பயணப் படியுமாக 4,200 ரூபாய் அப்படிச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். கடந்த மாதங்களுக்கான தொழிலாளி பங்கை இனி அவர் சம்பளத்தில் பிடிக்க இயலாது என்பதால் இரண்டு பங்குகளும் முதலாளியின் தலையில்தான் விழும்: ஆளுக்கு மாதம் 1,050 ரூபாய் வீதம், 22 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் 5,54,400 ரூபாய். அந்தப் படிகளில் அவர் அதே காலத்தில் மிச்சம் பிடித்ததோ 2,88,288 ரூபாய்தான். இதன்மேல் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 விழுக்காடாக வரையறுக்கப்பட்ட தண்டத் தொகையும் ஏறும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையை ஊதியமாகவே எண்ணச் சொல்கின்றன. எனவே இந்த வழியை நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். அதுவும் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்குவோர் விஷயத்தில் மட்டும். 28,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் மேலாளருக்கு உச்சவரம்பு வரை கட்டினால் முதலாளிக்கு 1,950 ரூபாய் செலவு. முழுமைக்கும் கட்டினால் 3,575 ரூபாய். இரு வழியிலும் ஓய்வூதியக் கணக்குக்குப் போவது 1,250 ரூபாய் மட்டுமே என்பதால், கூடுதலாகக் கட்டுவதில் நிர்வாகக் கட்டணம் போக மீதி முழுவதும் அவருடைய சேமிப்புக் கணக்கில்தான் ஏறும். அதற்கு 2024-25-ஆம் ஆண்டில் 8.25 விழுக்காடு வட்டி கிடைத்தது. முழுமைக்கும் கட்ட முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து விண்ணப்பம் தர வேண்டும். பொங்கல் வியாபாரத்துக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் இடையே வருமானம் ஏறி இறங்கும் கடைக்கு உச்சவரம்பே போதும் என்பது என் கருத்து. சேமிக்க விரும்பும் மேலாளர் தம் பங்கை மட்டும் 12 விழுக்காட்டுக்கு மேல் கூட்டிக்கொள்ளலாம். முதலாளி அதற்கு ஈடு கட்ட வேண்டியதில்லை. பத்து ஆண்டாகக் கல்லாவைப் பார்த்துவரும் ஆளை இழக்க மனமில்லாதவர் மட்டும் முழுமைக்கும் கட்டட்டும்; ஆனால் ஒருமுறை கொடுத்ததைப் பிறகு குறைத்தால் மனத்தாங்கல் நிச்சயம்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடித் தொழிலுக்குக் கணக்கே வேறு. அங்கே இரு தரப்புக்கும் விகிதம் 10 விழுக்காடு. முதலாளி பங்கில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போக, சேமிப்பில் 1.67 மட்டுமே சேரும். வீட்டுத் திண்ணையில் முறம் வைத்துச் சுற்றும் பெண்களும் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டதால், கம்பெனி வாசலுக்குள் வருபவர்களை மட்டும் எண்ணி இருபதுக்குள் நிற்க முடியாது. கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர் அனுப்பும் காவலாளியை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். அவரும் கணக்கில் உண்டு. ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், ஆள் குறைந்தாலும் வெளியேற இயலாது.

எந்த வழியானாலும், புதிதாக வருபவர் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார் என்பதற்காகவே விட்டுவிடக் கூடாது. தி.நகர்க் கடைகளில் சில காலம் நின்றுவிட்டு ஊர் திரும்பிய பலருக்கு ஏற்கெனவே யு.ஏ.என். எனும் பி.எஃப். உறுப்பினர் எண் இருக்கும்; அப்படிப் பழைய உறுப்பினரின் சம்பளம் எவ்வளவானாலும் உச்சவரம்பு வரையாவது கட்டியாக வேண்டும். முதல் நாளே பதினொன்றாம் எண் படிவத்தில் இதை எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அவர் பெயரும் சேர்த்துக் கட்டிவிடலாம்.